மாதம் நிறையுமுன் வலி கண்டால்

சென்ற மாதம் ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் தாய்மார் கூட்டம் ஒன்று நடத்தினோம். பின்னேரம் மழை. கொழுந்து நிறுத்துவிட்டு நனைந்த படங்கோடு வந்த பெண்கள் அடுப்போரமாக உட்கார்ந்திருந்தார்கள். போஷாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அப்போது பின்னாலிருந்த ஒரு பெரியம்மா, "அதெல்லாம் சரி மிஸ், ஏழாம் மாசத்துப் புள்ள தங்கும், எட்டாம் மாசத்துப் புள்ள தங்காதுங்கிறாங்களே, அது நெசமா?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையை ஆட்டினார்கள். கொண்டு போன பேச்சை மடித்து வைத்துவிட்டு, இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். அன்று பேசியதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறோம்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில்: அது நெசமில்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கு ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிட நெஞ்சுப்பை முற்றியிருக்கும், உடம்பில் கொழுப்பு கூடியிருக்கும், பால் உறிஞ்சும் திறமையும் கூடியிருக்கும். ஆகவே பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். இந்தப் பேச்சு காதுக்குச் சும்மா ஒரு பழைய கதைபோலத் தெரிந்தாலும், இதனால் பிள்ளைகள் போயிருக்கின்றன. எட்டாம் மாதம் வலி வந்தால் "போய் என்ன செய்ய, தங்காத புள்ளதானே" என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். ஏழாம் மாதம் வந்தால் "தங்கிற புள்ளதான், விடியட்டும் பார்ப்போம்" என்கிறார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க அது ஒரு சாட்டு.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

நம்முடைய ஆட்கள் "பத்து மாதம் சுமந்தேன்" என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் என்பார்கள். இரண்டிலும் பிழையில்லை. 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் பத்து மாதம், 280 நாள். அதுதான் 40 வாரம். ஆனால் ஒரு தாய் "எனக்கு ஏழாம் மாசம்" என்று சொன்னால், ஏழு முடிந்துவிட்டதா, இல்லை ஏழு இப்போதுதான் பிறந்திருக்கிறதா என்று டொக்டருக்கு விளங்காது. நாலு வாரம் இங்கே அங்கே போனால் வைத்தியமே மாறிப்போகும். அதனால்தான் கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளைக் கேட்கிறார்கள். அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். திகதி மறந்துவிட்டால் தீபாவளிக்கு எத்தனை நாள் முன், தோட்டத்துத் திருவிழாவுக்கு எத்தனை நாள் பின் என்றாவது சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சரியாக இருக்கும்.

ஒரு உதாரணம். கடைசித் தீட்டு தைப்பொங்கலன்று, ஜனவரி 15இல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பிறக்க வேண்டிய நாள் ஒக்டோபர் 22. 37 வாரம் முடிவது ஒக்டோபர் 1இல். அதற்கு முன் பிறந்தால் அது குறைமாதப் பிள்ளை. செப்டெம்பர் 10இல் 34 வாரம். அதற்கும் முன் வலி வந்தால் மிகவும் கவனம். உங்கள் திகதியை வைத்து இதேபோல மிட்வைப் மிஸ்ஸியிடம் கணக்குப் போட்டு, கர்ப்பிணி அட்டையில் (எச் 512 என்று போட்டிருக்குமே, அதுதான்) எழுதிக் கேளுங்கள்.

உலகத்தில் பத்துக்கு ஒரு பிள்ளை இப்படி முந்திப் பிறக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடி முப்பத்து நான்கு இலட்சம் பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதனால் இது ஒரு தாய்க்கு மட்டும் வந்த சாபமோ கண்ணூறோ அல்ல.

யாருக்கு முந்தி வரும்?

முன்பு ஒரு பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தால், இரட்டைப் பிள்ளை என்றால், பிரஷர் இருந்தால், நடுவில் இரத்தம் பட்டிருந்தால், ஒரு பிள்ளை பிறந்து கொஞ்ச நாளிலேயே மறுபிள்ளை உண்டாகியிருந்தால் ஆபத்துக் கூடுதல். வயது மிகக் குறைந்த தாய்க்கும், புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் தாய்க்கும் அப்படித்தான். பலருக்கு என்ன காரணம் என்றே தெரியாது. "நீ ஓடியாடித் திரிஞ்ச, அதான்" என்று மாமியார் சொன்னாலும், தாய் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

தோட்டத்துப் பெண்களுக்கென்றே இரண்டு விசயம் சொல்ல வேண்டும். ஒன்று, சலக்கடுப்பு. மலையில் மறைவிடம் இல்லை, கக்கூஸ் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சலத்தையும் அடக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். சலத்தில் கிருமி சேர்ந்தால் அது மேலே ஏறிக் காய்ச்சலையும் குளிரையும் கொண்டுவரும், வலியையும் கிளப்பிவிடும். சில நேரம் எரிச்சலே இருக்காது. கிளினிக்கில் சலம் சோதிப்பது அதற்காகத்தான். மலையில் பெண்களுக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று கேட்பது பெரிய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. மாதர் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் இதைக் கூச்சப்படாமல் பேசுங்கள்.

மற்றது இரத்தக் குறைவு. கிளினிக்கில் இரும்புச் சத்துக் குளிசை தருகிறார்கள். நம்மவர்கள் அதைச் சுடச்சுடத் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். நாம் பறிக்கிற தேயிலைதான், ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: தேயிலைச் சாயம் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குளிசையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறு விட்ட தண்ணீரோடு போடுங்கள். தேத்தண்ணியை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

மேல் பிரிவில் ஒரு தங்கச்சி. அவருக்கு மூன்றாவது பிரசவம். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் லயத்திலேயே பிறந்து ஒரு நாள்கூட இருக்கவில்லை. இரண்டாவது பெண் பிள்ளைக்கு மூன்று வயது. இந்த முறை 31ஆவது வாரத்தில் ஒரு நாள், கொழுந்து நிறுத்துவிட்டு ஏற்றம் ஏறி வரும்போது இடுப்பு கடுத்தது. அடிவயிறு கல்லுப்போல இறுகி, பிறகு இளகியது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னார்.

"அது சூட்டு வலி புள்ள. சீரகத் தண்ணி காய்ச்சித் தாரேன், குடிச்சிட்டுப் படு. சூடுன்னா அடங்கிரும்."

மாமியார் சொன்னதில் தப்பெண்ணம் இல்லை. நம்முடைய பாட்டிமார் காலத்திலிருந்து அப்படித்தான் பார்த்தார்கள். சீரகத் தண்ணீரால் கெடுதியும் இல்லை. கெடுதி, அது அடங்குகிறதா என்று காத்திருக்கும் நேரத்தில்தான். கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்து, இரவு பத்து மணிக்குத் திரும்பவும் வந்தது. நாத்தனார் ஒருவர் பிள்ளை மடுவக் கூட்டத்தில் இருந்தவர். அவர் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வயிற்றில் கையை வைத்திருந்தார். எட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் வயிறு இறுகியது. "மாமி, இது சூடு இல்ல. சூடுன்னா இப்படி மணி பார்த்து வருமா?" என்று கேட்டுவிட்டு 1990க்கு அடித்தார்.

அந்த நாத்தனார் செய்தது சரி. வலி எவ்வளவு கடுமை என்பதைவிட அது ஒழுங்காக வருகிறதா என்பதைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரமோ அதைவிடக் கிட்டக் கிட்டவோ வந்து, படுத்தாலும் நிற்கவில்லையென்றால் அது பிரசவ வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு வலி என்று சொல்லுமளவுக்கு இருக்காது. நடு இடுப்பில் விடாத கடுப்பு, தீட்டு வருமுன் வருவதுபோன்ற வயிற்றுக் குத்து, பிள்ளை கீழே அமுக்குவதுபோல ஒரு பாரம், இவ்வளவுதான். பன்னீர்க்குடம் உடைந்தால் சிலருக்குக் குடம் கவிழ்ந்ததுபோலக் கொட்டும், சிலருக்குச் சலம் சொட்டுவதுபோலச் சொட்டிக்கொண்டே இருக்கும். சுத்தமான துணி ஒன்றை வைத்துப் பாருங்கள். நனைந்துகொண்டே வந்தால் வலி இல்லாவிட்டாலும் போகவேண்டும். இரத்தம் பட்டால், காய்ச்சல் வந்தால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், தலையிடியோடு கண் மங்கினால் அன்றிரவே போகவேண்டும். விடியும்வரை வைத்திருக்கக் கூடாது. போய்ப் பார்த்து வெறும் சூட்டு வலிதான் என்று திருப்பி அனுப்பினால் யாரும் வெட்கப்படத் தேவையில்லை. அதைவிட நல்ல செய்தி உண்டா?

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுக்காதீர்கள். வயிற்றை நீவி அமுக்காதீர்கள். யாரும் உள்ளே கையை விட்டுப் பார்க்கவே கூடாது. பன்னீர்க்குடம் உடைந்த தாய்க்கு அது கிருமியைக் கொண்டுபோய் விடுவதற்குச் சமம்.

1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, பின்னர் நாடு முழுக்க வந்தது. காசு இல்லை. லயத்துக்கு வாகனம் வராத தோட்டங்களில் எந்த இடத்தில் வந்து நிற்கச் சொல்வது என்பதைக் கர்ப்பிணி இருக்கும் வீட்டார் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கோயிலடியா, பெரட்டுக் களமா, ஸ்டோரடியா என்று ஒரே பெயராகச் சொல்லுங்கள். தாயைத் தூக்கிப் போகும்போது இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். அட்டையை மறக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நடப்பது என்ன?

அந்தத் தங்கச்சியை முதலில் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு ஊசியும் சில குளிசைகளும் கொடுத்து, குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டாருக்குக் கோபம். "இங்க பார்க்க மாட்டாங்களாம், தள்ளிவிட்டுட்டாங்க" என்று எங்களிடமும் சொன்னார்கள். அது தள்ளிவிட்டதல்ல. பிறந்த குறைமாதப் பிள்ளையைக் குளிரில் மலைப்பாதையில் கொண்டு போவதைவிட, தாயின் வயிற்றிலேயே வைத்துக் கொண்டு போவது எவ்வளவோ மேல். பதுளை, கண்டி, பேராதனை, நுவரெலியா போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அதற்காகத்தான்.

ஆனால் நாங்கள் வருத்தப்படுகிற விசயம் ஒன்று அங்கே நடந்தது. அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. எதற்கு ஊசி என்று ஒருவரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. ஊசி போட்டால் பிள்ளை வெளியே வந்துவிடும் என்று நினைத்து, இரண்டாவது ஊசிக்குத் தாதி வந்தபோது கையை இழுத்துக்கொண்டார். தாதிக்குக் கோபம், இவருக்கு அழுகை. பக்கத்துக் கட்டிலில் இருந்த, இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு அக்காதான் விளக்கினார்: "ஏய் தங்கச்சி, அது புள்ளைய வெளிய எடுக்கிற ஊசி இல்லடி. புள்ளைக்கு மூச்சு வர்ற ஊசி. போட்டுக்க."

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வயிற்றில் இருக்கும் பிள்ளை நெஞ்சால் மூச்சு விடுவதில்லை. பிறந்தவுடன்தான் நெஞ்சுப்பை விரிய வேண்டும். அதன் உள்ளே சவர்க்கார நுரைபோன்ற ஒரு வழுவழுப்பு ஊறியிருந்தால்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொள்ளாமல் விரியும். குறைமாதப் பிள்ளைக்கு அது போதாது. தாயின் சதையில் போடும் இந்த ஊசி மருந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், அதை வேகமாக ஊற வைக்கிறது. டெக்ஸாமெதசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பீட்டாமெதசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. பெரும்பாலும் 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் போடுவார்கள். முதல் ஊசி போட்டு ஒரு நாள் போன பிறகு, ஒரு வாரத்துக்குள் பிள்ளை பிறந்தால் பலன் மிகவும் கூடுதல். அதனால் பாதியில் கையை இழுத்துக்கொள்ளக் கூடாது.

இதைக் கண்டுபிடித்த கதை ஆடு வளர்க்கிற நமக்குப் பிடிக்கும். நியூசிலாந்து நாட்டு ஒக்லண்ட் நகரில் லிகின்ஸ் என்ற வைத்தியர், ஆடு எப்படிக் குட்டி போடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த வகை மருந்து கொடுத்த ஒரு குட்டி மிகவும் முந்திப் பிறந்தும் சாகாமல் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்ததைக் கண்டார். பிறகு ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்து, 1972இல் உலகத்துக்கு அறிவித்தார். அந்த ஆட்டுக் குட்டிக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

குளிசை வேறு வேலைக்கு. நிபெடிபின் என்ற அந்தக் குளிசை பிரஷருக்கும் கொடுப்பதுதான். கர்ப்பப்பை இறுகுவதைத் தளர்த்தி, ஓரிரு நாள் வலியைத் தள்ளிப்போடும். முகம் சூடேறிச் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். பயப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் எதற்கென்றால், ஊசி வேலை செய்யவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும்தான். மாதக் கணக்கில் வலியை நிறுத்தி வைக்கும் மருந்து கிடையாது. தாய்க்கு உள்ளே கிருமி பரவியிருந்தால், இரத்தம் கொட்டினால், பிரஷர் எல்லை மீறினால் வலியை நிறுத்தவே மாட்டார்கள். பிள்ளை வெளியே வருவதுதான் இரண்டு உயிருக்கும் நல்லது. பன்னீர்க்குடம் உடைந்தவர்களுக்குக் கிருமி கொல்லி மருந்து கொடுப்பார்கள். 32 வாரத்துக்கும் முந்திய பிள்ளை என்றால், மூளைக்குப் பாதுகாப்பாகத் தாய்க்கு மக்னீசியம் மருந்து ஏற்றுவதும் உண்டு. அது ஏறும்போது உடம்பெல்லாம் காந்துவதுபோல இருக்கும்.

பாஷை தெரியாதவர்கள் இந்த நாலு வார்த்தையையாவது பாடமாக்கி வையுங்கள். வயிறு வலிக்கிறது: பட ரிதெனவா. தண்ணீர் போகிறது: வத்துர யனவா. இரத்தம் போகிறது: லே யனவா. பிள்ளை அசையவில்லை: பபா ஹெல்லென்னே நே. கூட்டத்தில் இதை எல்லாருமாகச் சொல்லிப் பார்த்தபோது பெரிய சிரிப்பு. சிரித்தாலும் பரவாயில்லை, ஞாபகம் நின்றால் சரி.

நாலாம் நாள்

நான்காம் நாள் அந்தத் தங்கச்சிக்கு வலி நின்றுவிட்டது. உடனே டிக்கட் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம். மூன்று வயதுப் பிள்ளை ராத்திரியில் "அம்மா" என்று அழுகிறதாம். வீட்டுக்காரர் வந்து போக ஒவ்வொரு தரமும் ஒரு பேர் போகிறது, பஸ் காசு வேறு. கட்டிலில் சும்மா படுத்திருக்க இதெல்லாம் நட்டமாகத்தான் தெரியும். இந்தக் கட்டத்தில்தான் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறார்கள்.

வலி நின்றதால் ஆபத்து நின்றது என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை வாய் கொஞ்சம் திறந்திருந்தால் திரும்பவும் எந்த நேரமும் தொடங்கும். எப்போது போகலாம் என்பதை உங்கள் நிலையைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். அதே நேரம், கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தால் பிள்ளை தங்கும் என்பதும் நிரூபணமான விசயமல்ல. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டிவிடும். எழும்பலாமா, நடக்கலாமா என்று கேட்டுக்கொண்டு, படுத்திருக்கும்போதும் காலை மடக்கி நீட்டுங்கள்.

வீட்டில் பிள்ளையைப் பார்க்க மாமியார் முன்வந்தார். சீரகத் தண்ணீர் கொடுத்த அதே மாமியார்தான். "நான் இருக்கேன் புள்ள, நீ அங்கேயே இரு. முதப் புள்ளைய விட்ட மாதிரி இதையும் விட்டுறாத" என்று மகனிடம் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டபிறகுதான் தங்கச்சி அடங்கினார்.

ஆறாம் நாள் திரும்பவும் வலி கண்டு, 32ஆம் வாரத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. நிறை ஒரு கிலோ அறுநூறு.

பிறந்த பிறகு

குறைமாதப் பிள்ளைக்கு முதல் எதிரி குளிர். நம்முடைய மலைநாட்டில் சொல்லவும் வேண்டுமா? அதற்குச் சிறந்த போர்வை தாயின் மார்புதான். பிள்ளைக்கு அணைத்துணியும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, வெற்று உடம்பாகத் தாயின் இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டிக்கொள்வது. கங்காரு முறை என்பார்கள். கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் 1978இல் சூட்டுப் பெட்டி போதாமல் எட்கர் ரே என்ற வைத்தியர் தொடங்கிய வழி. இந்தியாவும் ஆபிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்து செய்து 2021இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பிள்ளை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனேயே இப்படி வைத்தால் கூடுதலான பிள்ளைகள் பிழைக்கின்றன என்று கண்டார்கள். தகப்பனும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு வந்த நாளெல்லாம் அவர்தான் முதலில் சட்டையைக் கழற்றினார் என்று தாதிமார் சிரித்தார்கள்.

அடுத்தது பால். 34 வாரம் வரைக்கும் பிள்ளைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றாகச் செய்யத் தெரியாது. அதுவரை தாய்ப்பாலைப் பிழிந்து குழாயாலோ சின்னக் கோப்பையாலோ கொடுப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவிலும் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் பால் வற்றும். முதலில் வருகிற மஞ்சள் சீம்பால் சில சொட்டுத்தான் இருக்கும். அதைக் கொட்டாதீர்கள், அதுதான் முதல் மருந்து. சேனை, சீனித்தண்ணி, தேன் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின் அடுப்புப் புகை பிள்ளை படுக்கும் பக்கம் போகாமல் பாருங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துச் சுட்டுவிடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் கையைக் கழுவட்டும். மிகவும் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்குக் கண் சோதனை உண்டு. வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பாதிப்பு இருக்கலாம். அந்தத் திகதியைத் தவறவிடக் கூடாது.

பிரசவச் சம்பளம் பற்றியும் கூட்டத்தில் கேட்டார்கள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்றுதான் இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். குறைமாதத்தில் பிறந்தாலும் அது குறையாது. தோட்டக் காரியாலயத்தில் "இது மூணாவது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

டிக்கட் வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை அடுப்பு மூட்ட எடுத்துவிடாதீர்கள். எத்தனையாம் வாரத்தில் வலி வந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த முறை உண்டானால், தீட்டுத் தள்ளிய உடனே அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகவேண்டும். அந்தத் தங்கச்சி அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, பிள்ளையின் வளர்ச்சி அட்டையோடு சாமித் தட்டுக்குக் கீழே சொருகி வைத்திருக்கிறார். கூட்டத்தன்று எங்களுக்கு எடுத்துக் காட்டினார். பிள்ளை அப்போது மாமியாரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.